அண்ணி எழுந்திருக்கவில்லை

1.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு புகைப்படம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் கற்பனையைப் பாராட்டி வைக்க வேண்டாம்.

என் அண்ணி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. அந்தக் கடையில் கல்லாவுக்கு மேலே முதலாளி ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். செய்தித்தாளில் வந்த படம். நடுவில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு மனிதர், வலது கை நெஞ்சில், கண்ணில் தண்ணீர். அவருக்குப் பின்னால் வயலினும் குழலுமாக ஒரு பெரிய கூட்டம் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு முழங்கையும் ஒரு வயலின் வில்லும் தெரிகின்றன. அந்த முழங்கை அண்ணியுடையது. மீதி அண்ணியைச் செய்தித்தாள் வெட்டிவிட்டது.

படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி: "எழுந்து நிற்காமல் அமர்ந்திருந்து தங்கள் நடத்துநருக்கு உயரிய மரியாதை செலுத்தும் இசைக்கலைஞர்கள்."

பொய். அதாவது, ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்தமும் பொய். "எங்க கடை அம்மா வாசிக்கிற குழுவாக்கும்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுகிறார். அண்ணி அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறிய பிறகு எழுத வேண்டும் என்று சொல்லுவார்கள். ஆறிவிட்டால் எதற்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

2.

முதல் தொடக்கம் (படத்தில் நடுவில் நிற்பவர்தான் கோல்காரர்):

"கோல்காரர் கையை உயர்த்தினார். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு—"

(விட்டுவிட்டேன். எங்கள் அரங்கம் ஒருநாளும் மூச்சைப் பிடித்ததில்லை. யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

"கோல்காரருக்கு அழகான கைகள். அவற்றைப் பார்த்தால் இசை தெரியாதவர்களுக்குக்கூட—"

(இது அவருக்கு நான் எழுதித் தருகிற விளம்பரம் போல இருக்கிறது.)

மூன்றாவது தொடக்கம்:

"கோல்காரர் வருவதற்கு முன், இந்தக் குழுவை நடத்த ஆளே இல்லை என்று எல்லோரும்—"

(எல்லோரும் யார்? நான் அப்படி நினைத்ததே இல்லையே. என் பேனா ஏன் நினைக்கிறது?)

மூன்றையும் கிழிக்காமல் இங்கே விட்டு வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

3.

சரி, ஆட்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கதையும் எழுதுவேன். எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அண்ணிக்கு நான் நாத்தனார். நாத்தனார் அண்ணிக்காகச் சண்டைக்கு வருகிற கதை உங்களுக்குப் பழக்கமிருக்காது. பழகிக்கொள்ளுங்கள்.

அண்ணி எங்கள் ஊர் சிம்பொனிக் குழுவின் முதல் வயலின். சம்பளத்துக்கு வாசிக்கிறவர்கள் இல்லை இவர்கள். பல் டாக்டர் டிரம்பெட் ஊதுவார். பேக்கரிக்காரர் பெரிய முரசு. மின்சார வாரியத்து அம்மா செல்லோ, தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய வயலின். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். ஈரத்துடைப்பத்தின் வாடை எப்போதும் இருக்கும்.

முதல் வயலின் என்றால் முதல் நாற்காலி. அங்கே உட்காருகிறவர் நன்றாக வாசித்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் வில் மேலே போகணும், எந்த இடத்தில் கீழே வரணும் என்று மொத்த வயலின் கூட்டத்துக்கும் அவர்தான் முடிவு செய்வார். கச்சேரி தொடங்குமுன் தனியாக எழுந்து நின்று ஓபோக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். ஓபோ என்கிற அந்தக் குழல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். எல்லா வாத்தியங்களும் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் சபை தன் இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்.

பழைய நடத்துநர் மகனோடு இருக்க வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அண்ணிதான் குழுவை நடத்தினார். வயலினைத் தோளில் வைத்தபடியே, வில்லின் நுனியால். என்ன வாசிப்பது என்று தேர்ந்தெடுத்தார். வராதவர்களுக்குப் போன் போட்டார். பேக்கரிக்காரரையும் பல் டாக்டரையும் பேச வைத்தார். (அவர்கள் சண்டை வேறு கதை. ஒரு ரொட்டியும் ஒரு கடைவாய்ப் பல்லும் சம்பந்தப்பட்டது.)

கோல்காரர் என்பது, கையில் சின்னக் கோலோடு முன்னால் நின்று தாளம் காட்டுகிற நடத்துநருக்குக் குழுவினர் வைத்த பட்டப்பெயர்.*

* கண்டக்டர் என்று எழுதினால் டிக்கெட் கேட்பவர் நினைவுக்கு வருகிறார். அவராவது யார் எங்கே ஏறினார் என்று பார்த்து வைத்திருப்பார்.

4.

இங்கே ஒரு சந்தேகம். அண்ணியை எழுத்தில் 'அவள்' என்பதா, 'அவர்' என்பதா? கதைகளில் அண்ணிகள் எல்லோரும் 'அவள்'தான். முதல் படியில் நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு பார்த்தால், கோல்காரரை ஒரு நொடிகூட யோசிக்காமல் 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். வந்ததே கோபம். உட்கார்ந்து எல்லா 'அவளை'யும் திருத்தினேன். தொழில் அதுதானே.

அண்ணி அந்தக் கோலைக் கேட்டார். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். கேட்காமலே கிடைக்கும் என்று காத்திருக்கிற ஆள் இல்லை அவர். குழுவின் தலைவர் குடிநீர் வாரியத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நேராகப் போய்க் கேட்டார்.

"சார், ரெண்டு வருஷமா நான்தான் நடத்துறேன். அதையே முறைப்படி குடுத்துடுங்க."

"ஐயோ, உங்களுக்குத் தகுதி இல்லன்னு யாரும்மா சொன்னா?" என்றார் தலைவர். "ஆனா நீங்க அந்த நாற்காலியை விட்டு எழுந்துட்டா அங்க உட்கார யாரும்மா இருக்கா? சொல்லுங்க. உங்க இடத்தை நிரப்ப ஆளே கிடையாது."

ஒருவரை மேலே ஏற விடாமல் தடுப்பதற்குப் புகழ்ச்சியைப் போல வசதியான சாமான் வேறில்லை. ஏறுகிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவதைத் தவிர வழியில்லை.

கோல்காரரைக் கொண்டுவந்தார்கள். தலைவர் அண்ணிக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "ஆண்டு விழாக் கச்சேரி முடியட்டும்மா. அதுவரைக்கும் அவர் தற்காலிகம்தான். அப்புறம் கமிட்டி உட்கார்ந்து, நீங்களா அவரான்னு நியாயமா முடிவு பண்ணுவோம்." அண்ணி நம்பினார்.

கோல்காரர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவரோ ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் எல்லோருக்கும் தொண்டை மிட்டாய் வாங்கி வருவார். யாரையும் திட்டமாட்டார். கடைசி சில ஒத்திகைகளுக்குத்தான் வருவார். வந்து, அண்ணி செதுக்கி வைத்திருப்பதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அருமை, அருமை, இங்க மட்டும் கொஞ்சம் உயிர் குடுங்க" என்பார். ஒருநாள் வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணியிடம், "மேடம், நீங்க இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல" என்றார். உண்மையாகத்தான் சொன்னார், கண்ணில் தெரிந்தது. அரங்கத்தில் அவருக்கு மைக் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் மைக் இல்லை.

5.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் கதையே இல்லை.

கச்சேரி முடிந்து கைதட்டல் எழும்போது, நடத்துநர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, குழுவை எழுந்து நிற்கச் சொல்லுவார். அப்போது வாசித்தவர்கள் எல்லோரும் முதல் வயலினைப் பார்ப்பார்கள். அவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். அவர் எழாமல் உட்கார்ந்தே இருந்தால் யாரும் எழமாட்டார்கள். அதற்கு ஒரு பொருள் உண்டு: 'இந்தக் கைதட்டல் எங்களுக்கு வேண்டாம், முழுக்க உங்களுக்கே.' ஒரு குழு தன் நடத்துநருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. எப்போதாவதுதான் செய்வார்கள்.

இதைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தவர் அண்ணி. "என்னைப் பாருங்க. நான் எழுந்தா எழுந்திருங்க. இல்லன்னா உட்காருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

இந்தப் பத்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

6.

விழா அன்று நானும் அண்ணனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அண்ணியின் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். காலிப் பெட்டிதான். கீழே வைக்கமாட்டான்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "இவர் கோலை எடுத்த பிறகுதான் இந்தக் குழுவுக்கு உயிரே வந்தது" என்றார். "அதுக்கு முன்னாடி நாம வெறும் ஆர்வலர்களா இருந்தோம்."

நான் மேடையைப் பார்த்தேன். அண்ணி வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தேய்த்த வில்.

வாசித்த இசையில், மெதுவாகப் போகிற இரண்டாம் பகுதியில் அது நடந்தது. கோல்காரருக்கு விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பழக்கம். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. அவருக்குத் தெரியவில்லை. வயலின்கள் மட்டும் சன்னமாக வாசிக்க வேண்டிய இடத்தில் அவர் டிரம்பெட் பக்கம் திரும்பி, பெரிதாகக் கையை வீசி, 'வாங்க' என்றார். பல் டாக்டர் பதறிப் போய் டிரம்பெட்டை வாய்வரை கொண்டு போய்விட்டார். ஊதியிருந்தால் தீர்ந்தது. அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி வாசிப்பை நிறுத்தாமல் தலையை மட்டும், இல்லை என்று, மிகச் சின்னதாக ஆட்டினார். பிறகு வயலினின் தலையைக் கொஞ்சம் உயர்த்தி, வில்லை நீளமாக இழுத்தார். செல்லோ அம்மா பார்த்தார். ஓபோ பார்த்தது. மேடையில் இருந்த அத்தனை கண்ணும் கோலை விட்டுவிட்டு அந்த வில்லுக்கு வந்து சேர்ந்தன. கோல்காரர் வேறெதற்கோ தாளம் போட்டுக்கொண்டிருக்க, குழு அவருக்குக் கீழே பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் விழித்துக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டார்.

என் பக்கத்து இருக்கைக்காரர், "என்ன உணர்ச்சி பாருங்க கையில!" என்றார்.

அண்ணன் வயலின் பெட்டியை இறுக்கிப் பிடித்தான். அவனுக்கும் இசை தெரியாது. ஆனால் அண்ணியின் தலை எதற்கு அசையும் என்று தெரியும்.

கடைசிச் சுரம் ஓய்ந்தது. கைதட்டல் கிளம்பியது. கோல்காரர் குனிந்து நிமிர்ந்தார், நெற்றியைத் துடைத்தார், திரும்பி இரண்டு கைகளையும் உயர்த்தினார். எழுந்திருங்கள்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

அவர் மறுபடியும் கையை உயர்த்தினார். அண்ணி மடியில் வயலினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கடையில், பார்வை சரியாக இருந்தும் பவர் கண்ணாடி கேட்டு அடம் பிடிக்கிறவர்களிடம் காட்டுகிற முகம். முடியாது என்கிற முகம்.

குழு அண்ணியைப் பார்த்தது. சொல்லிக் கொடுத்தபடியே செய்தது. ஒருவர்கூட எழவில்லை.

அரங்கமே எழுந்துவிட்டது.

7.

(இந்தப் பகுதியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.)

விவரம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள்: எழுந்திருக்காம இருக்காங்க பாருங்க, அதான் பெரிய மரியாதை. செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கைதட்டல் இரண்டு மடங்கானது. கோல்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழுதார். படம் எடுத்தார்கள். அவர் அண்ணியின் கையைப் பிடித்து, "இதை நான் எதிர்பார்க்கவே இல்ல மேடம்" என்றார். தலைவர் அதே உணர்ச்சியில் மேடையேறி, மைக்கைப் பிடித்து, "இதுக்கு மேல கமிட்டி என்னத்தப் பேச? குழுவே முடிவு பண்ணிடுச்சு! அடுத்த மூணு வருஷத்துக்கு இவர்தான் நம்ம நடத்துநர்!" என்று அறிவித்தார்.

உட்கார்ந்து பேசி நியாயமாக முடிவு செய்வதாகச் சொன்ன கமிட்டி முன்வரிசையில் நின்றுகொண்டு கைதட்டியது.

8.

எழுத்தாளருக்குத் தன் பாத்திரத்தின் மீது சந்தேகம் வரும் இடம் இது. அண்ணி உண்மையிலேயே எதிர்ப்பாகத்தான் உட்கார்ந்தாரா? நான் என் கோபத்தை அவர் மேல் ஏற்றி எழுதுகிறேனா? கேட்டுவிடலாம் என்று, அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி சமையலறையில் நின்றே படித்தார்.

"கால் மரத்துப் போச்சுன்னு எழுதிக்கோயேன்" என்றார்.

"விளையாடாதீங்க அண்ணி."

அடுப்பைச் சின்னதாக்கினார். "எழுந்திருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அந்த ஆளு கைய தூக்கினதும் நான் எழுந்திருக்கணுமான்னு ஒரு வீம்பு. அவ்வளவுதான்டி. அது மரியாதைன்னு அந்த நிமிஷம் சுத்தமா மறந்து போச்சு. அத்தனை பேருக்கும் சொல்லிக் குடுத்தவ நான்! எனக்கே மறந்து போச்சு. ஜனங்க எழுந்து நின்னதும்தான் உறைச்சுது. அப்பவும் எழுந்திருக்க முடியல. எழுந்தா, சரி, மரியாதை செஞ்சாச்சு, இப்ப எழுந்துக்கறோம்னு ஆயிடும்."

அதுதான். எனக்கு வயிறு எரிகிற இடம் அதுதான். அண்ணி எழுந்தால் அது கீழ்ப்படிதல். எழாவிட்டால் மரியாதை. இரண்டுமே கோல்காரருக்குத்தான் போய்ச் சேரும். இத்தனை அசைவுகளைப் பார்த்துப் பார்த்து வகுத்தவர்கள், 'முடியாது' என்பதற்கு ஒரே ஒரு அசைவைக்கூட அந்த மேடையில் விட்டு வைக்கவில்லை.

9.

அதனால் முடிவை நானே செய்து கொடுக்கலாம் என்று பார்த்தேன். அடுத்த கச்சேரி வருகிற மாதம். அதற்கு மூன்று முடிவுகளை எழுதினேன். அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தார்.

முதல் முடிவில், கோல்காரர் மறுபடியும் பக்கம் தவறுகிறார். அண்ணி இந்த முறை காப்பாற்றவில்லை. அவர் காட்டியபடியே வாசிக்கிறார். மொத்தமும் இடிந்து விழுகிறது.

"தப்பா வாசிக்க மாட்டேன்" என்றார் அண்ணி. "அந்தப் பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு? பல் டாக்டர் என்ன பாவம் பண்ணினார்? பாவம், ராத்திரியெல்லாம் சாதகம் பண்ணிட்டு வராரு, பக்கத்து வீட்டுக்காரன் திட்டத் திட்ட."

இரண்டாவது முடிவில், கைதட்டலின் நடுவே அண்ணி வயலினை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போகிறார்.

"போனா, 'உடம்பு முடியாதப்பவும் வந்து வாசிச்சாங்க'ன்னு எழுதுவாங்க."

மூன்றாவது முடிவில், அண்ணி மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறார்.

"இதுல பேசறது நான் இல்ல, நீ" என்றார். உண்மைதான். அந்தப் பேச்சை நான் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

பிறகு, கடையில் கேட்கிற அதே குரலில், "இதெல்லாம் இருக்கட்டும். முன்னாடி போட்டதைக் காட்டு" என்றார். நான் தொடக்கங்களை நீட்டினேன். இரண்டாம் பகுதியில் கிழிக்காமல் வைத்தேனே, அந்த மூன்று.

அண்ணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கோல்காரர் கையை உயர்த்தினார். கோல்காரருக்கு அழகான கைகள். கோல்காரர் வருவதற்கு முன்." ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார். "மூணு வாட்டி ஆரம்பிச்சிருக்கே. மூணும் அவருல. நீ எனக்காகச் சண்டை போட வந்தவ!"

செய்தித்தாள் என் அண்ணியை வெட்டியது என்று குதித்தேனே, நான் முழங்கையைக்கூட விட்டு வைக்கவில்லை.

"சரி, முகத்தைத் தொங்கப் போடாத" என்றார் அண்ணி. "எல்லாருக்கும் கண்ணு அங்கதான் போகும். உயரமா நிக்க வெச்சிருக்காங்க, கையில கோல் குடுத்திருக்காங்க. போகாம என்ன பண்ணும்?"

"நீங்க அடுத்த கச்சேரிக்கு வாசிக்கப் போறீங்களா அண்ணி? அதையாவது சொல்லுங்க."

"வாசிப்பேன். என் குழு. நான் எதுக்கு விட்டுட்டுப் போகணும்?"

"கடைசியில எழுந்திருப்பீங்களா, மாட்டீங்களா?"

"ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, ஆறுது" என்று அண்ணன் உள்ளேயிருந்து கூப்பிட்டான். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

10.

ஆகவே கடைசியில் அவர் எழுவாரா இல்லையா என்று நான் எழுதப் போவதில்லை. எப்படி எழுதினாலும் அதை எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பீர்கள் என்று பார்த்துவிட்டேன். போன முறை அண்ணி வெறுமனே உட்கார்ந்திருந்தார். அதை மரியாதையாக்கியது கைதட்டல். அது உங்களுடையது.

முடிவுக்குப் பதிலாக ஒரு தொடக்கம் தருகிறேன். நான்காவது.

"கோல்காரர் இன்னும் மேடைக்கு வரவில்லை—"

(மறுபடியும்! அடித்துவிட்டேன்.)

அண்ணி எழுந்து நிற்கிறார். யாரும் கையை உயர்த்தி எழச் சொல்லவில்லை. இடது கையில் வயலின், வலது கையில் வில். ஓபோக்காரரைப் பார்த்துத் தலையசைக்கிறார். ஒற்றைச் சுரம் நீளமாக வருகிறது. பல் டாக்டர் அதோடு சேர்கிறார், செல்லோ அம்மா சேர்கிறார், பேக்கரிக்காரர் முரசுத் தோலில் காதை வைத்துக் கேட்கிறார். மொத்தக் குழுவும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அரங்கத்தில் பை சலசலக்கிறது, யாரோ இருமுகிறார்கள், யாரோ யாருக்கோ கையாட்டிக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவன் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதனால் கைதட்ட முடியாமல், என்னைத் திரும்பிப் பார்க்கிறான். பெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் வந்துவிட்டீர்கள். இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டு, கையில் பையோடு, நடைவழியில் நிற்கிறீர்கள். எண் அப்புறம் கிடைக்கும். பையைக் கீழே வையுங்கள்.